ஆறு செடியும் இரண்டு சட்டமும்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் கஞ்சாவிலும் புகையிலையிலும் மத்திய அரசும் மாநிலங்களும் மோதிக்கொண்ட கதை இது.

2002 ஆகஸ்ட் மாதம். கலிஃபோர்னியாவின் பியூட் கவுன்டியில் ஒரு பெண்ணின் வீட்டுக்கு உள்ளூர், மத்திய அரசு என இரண்டு தரப்பு அதிகாரிகளும் சேர்ந்தே வந்தார்கள். வீட்டில் ஆறு கஞ்சாச் செடிகள். தீராத முதுகுவலிக்காக, டாக்டர் சொன்னதன் பேரில் அவர் வளர்த்தவை. கலிஃபோர்னியா மக்கள் 1996லேயே வாக்களித்து மருத்துவக் கஞ்சாவுக்கு அனுமதி கொடுத்துவிட்டதால், உள்ளூர் போலீஸ் தலைவரான ஷெரிஃபின் ஆட்கள் ‘இதில் தப்பில்லை’ என்றார்கள். கூட வந்த மத்திய போதைத் தடுப்பு அதிகாரிகளுக்கு 1970ஆம் ஆண்டு மத்தியப் போதைப்பொருள் சட்டம்தான் கணக்கு. அதில் அன்று ஹெராயினும் கஞ்சாவும் ஒரே தடைப் பட்டியல். மூன்று மணி நேரம் இழுபறி. கடைசியில் ஆறு செடியையும் பிடுங்கி அழித்துவிட்டார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2005இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் மத்திய அரசு ஜெயித்தது. மாநிலங்களுக்கிடையேயான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, உண்டு என்பதே அடிப்படை. விற்கவே விற்காத செடி எப்படி வணிகமாகும்? அதற்குக் கைகொடுத்தது 1942இல் வந்த ஒரு கோதுமைத் தீர்ப்பு. ஒஹாயோ விவசாயி ஒருவர் அனுமதித்த பரப்புக்கு மேல் கோதுமை விதைத்துவிட்டு, ‘என் பண்ணைத் தேவைக்குத்தானே’ என்றார். நீயே விளைத்துக்கொண்டால் சந்தையில் வாங்க மாட்டாய், எல்லோரும் அப்படிச் செய்தால் விலை என்னாவது என்றது நீதிமன்றம். சட்டமாக அது நிற்கும். கொல்லைச் செடி வரை இழுப்பது எனக்கு அதிகம்தான்.

இந்த வழக்கில் அந்தப் பெண் தரப்புக்கு ஆதரவாக மனு போட்ட மாநிலங்கள் எவை தெரியுமா? அலபாமா, லூசியானா, மிசிசிப்பி. மூன்றுக்கும் கஞ்சா ஆகாது. ஆனால் மத்திய அரசு இப்படி உள்ளே நுழைவது அதைவிட ஆகாது.

அப்புறம் 2012இல் கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் பெரியவர்களுக்குக் கஞ்சா விற்பனையையே அனுமதித்தன. மத்திய சட்டம் மாறவில்லை. ஆனால் அதை அமல்படுத்தும்படி மாநிலப் போலீசுக்கு மத்திய அரசு உத்தரவிட முடியாது. 2013இல் ஒபாமா அரசின் நீதி அமைச்சகம் ‘கண்டுகொள்ள வேண்டாம்’ என்கிற தொனியில் ஒரு குறிப்பு அனுப்பியது. 2018இல் டிரம்பின் அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் அதை ரத்து செய்தார். கடை மட்டும் திறந்தபடியே இருந்தது. வங்கிகள் பயந்து கணக்குத் தராததால், வரியைக்கூட நோட்டுக் கட்டுகளாகக் கொண்டுபோய்க் கட்டியவர்கள் உண்டு. அந்த வரியிலும் ஒரு வில்லங்கம். முன்பு மினியாபொலிஸில் ஒரு போதைப்பொருள் வியாபாரி, தராசு, பொட்டலம், டெலிபோன் செலவையெல்லாம் கழித்துக்கொண்டு வரிக் கணக்குக் காட்டி, வழக்கிலும் ஜெயித்தார். கொதித்துப்போன காங்கிரஸ் 1982இல் அந்தச் சலுகையை அடைத்தது. பின்னாளில் லைசென்ஸ் வாங்கிய கஞ்சாக் கடைக்காரரும் வாடகையையோ சம்பளத்தையோ கழிக்க முடியாமல் தவித்தது அந்தப் பிரிவால்தான்.

சரி, புகையிலைக்கு வருவோம். கஞ்சாவைத் தடுத்த அதே 1970 சட்டம், புகையிலை தனக்குள் வராது என்று பெயர் சொல்லியே விலக்கியது. சிகரெட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மத்திய உணவு, மருந்து நிர்வாகத்துக்குக் கிடைத்ததே 2009இல்தான். அப்போதும் சிகரெட்டை அடியோடு தடை செய்யக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அதற்குள் மாநிலங்கள் முந்திக்கொண்டன. புகையால் வந்த மருத்துவச் செலவைக் கேட்டு 1994இல் மிசிசிப்பி வழக்குப் போட, 1998இல் 46 மாநிலங்களோடு கம்பெனிகள் உடன்பாட்டுக்கு வந்தன. 25 ஆண்டுகளில் சுமார் 206 பில்லியன் டாலர்.

இங்கே மத்திய சட்டத்தின் நிழலைத் தேடியவர்கள் கம்பெனிக்காரர்கள். பள்ளிகளுக்கு அருகே சிகரெட் விளம்பரப் பலகை கூடாது என்றது மாசசூசெட்ஸ். மத்திய விளம்பரச் சட்டத்தைக் காட்டி 2001இல் கம்பெனிகள் தப்பித்தன. 2022இல் வாசனை சேர்த்த சிகரெட்டுக்குக் கலிஃபோர்னியா தடை போட்டபோதும் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இந்த முறை உச்ச நீதிமன்றம் தடையை நிறுத்தி வைக்க மறுத்துவிட்டது. மாநில உரிமை, மத்திய அதிகாரம் என்ற இந்தச் சண்டையில் கொள்கைக்காக மட்டும் நின்றவர் என்று நான் சொல்லக்கூடியவர்கள் அந்த மூன்று தென் மாநிலங்கள்தான். அவையும் அந்த ஒரு வழக்கில்.

மாசசூசெட்ஸில் புரூக்லைன் என்று ஓர் ஊர். 2000 ஜனவரி 1 முதல் பிறந்த எவருக்கும் அங்கே என்றைக்குமே புகையிலை விற்கக் கூடாது. மாநில உச்ச நீதிமன்றம் 2024இல் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. அதே ஊரில் கஞ்சாக் கடை உண்டு. 2000இல் பிறந்தவர் அங்கே போய், அடையாள அட்டையைக் காட்டிக் கஞ்சா வாங்கலாம். அது மத்திய சட்டப்படி குற்றம். மத்திய சட்டம் தாராளமாக அனுமதிக்கும் சிகரெட்தான் அவருக்கு அந்த ஊரில் கிடைக்காது.

நன்றி, வணக்கம்.