லுவாவுக்கு டிக்கெட் போடறதுக்கு முன்னாடி

வணக்கம் நேயர்களே. ஹவாய்க்கு லீவுல போறவங்க ரிசார்ட் ரூம் போட்ட கையோட கேக்கிற அடுத்த கேள்வி, எந்த லுவாவுக்குப் போகலாம்ங்கிறதுதான். விருந்து, பாட்டு, ஹூலா ஆட்டம் எல்லாம் சேர்ந்த கொண்டாட்டம் அது. 1847-ல மூணாம் கமேஹமேஹா ராஜா வெச்ச விருந்துக்கு 271 பன்னி, 482 பெரிய பாத்திரம் நிறைய சேப்பங்கிழங்குக் கூழுன்னு கணக்கே எழுதி வெச்சிருக்காங்க, அவ்ளோ பெரிய கை!

இப்ப டிக்கெட் விக்கிற எல்லாருமே "பாரம்பரிய லுவா"ன்னுதான் போடறாங்க, ஆனா மேடையில பாதி வேற தீவுகளோட சரக்கு. எல்லாரும் வீடியோ எடுக்கிற அந்த நெருப்புக் கத்தி ஆட்டம் சமோவாவோடது, அந்தக் கத்தியில நெருப்ப வெச்சதே 1946-ல ஃப்ரெடி லெட்டுலின்னு ஒரு சமோவா கலைஞர், அதுவும் சான் ஃபிரான்சிஸ்கோவுல. வேகமா இடுப்ப ஆட்டுறது டஹிட்டி, கால தரையில தட்டி கத்திக்கிட்டே ஆடுற ஹாக்கா நியூசிலாந்து மாவோரிங்களோடது. பாக்க ஜோராத்தான் இருக்கும், குழந்தைங்க கூட வந்தா அதையே எடுங்க, நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஓஆஹு தீவுல லாயேல இருக்கிற பாலினேஷியன் கல்ச்சுரல் சென்டர் இது மொத்த பாலினேசியாவோட, அதாவது இந்த பசிபிக் தீவுங்க எல்லாத்தோட நிகழ்ச்சின்னு பேர்லயே சொல்லிடுறாங்க, 1963-ல மார்மன் சர்ச் ஆரம்பிச்சது, அதனால சரக்கு கிடையாது, ஞாயித்துக்கிழமை லீவு.

ஹவாயோடது மட்டும் போதும்னா மாவி தீவுல ஓல்ட் லஹைனா லுவா. 1986-லேர்ந்து நடக்குது, நெருப்பு ஆட்டமே வெக்கிறதில்ல. 2023 ஆகஸ்ட் தீயில ஊரே எரிஞ்சப்பவும் அந்த இடம் தப்பிச்சு, 2024 மார்ச்ல மறுபடி தொறந்தாங்க. அங்க மேடைகிட்ட தரையில மெத்தை போட்டு உக்கார வெக்கிற சீட்டும் உண்டு, முட்டி வலி இருக்கிறவங்க மேஜை சீட்டே கேளுங்க.

ரிசார்ட்லயே நடக்கிற லுவாவுல ஒரு சௌகரியம், ரெண்டு கிளாஸ் மை டாய்ங்கிற ரம் காக்டெயில் குடிச்சிட்டு கார் ஓட்ட வேணாம், நடந்தே ரூமுக்குப் போயிடலாம். ஆனா நிறைய ரிசார்ட்ல வாரத்துல சில நாள்தான் வெக்கிறாங்க, அதனால ரூம் போடும்போதே எந்தெந்த நாள்னு கேட்டு டிக்கெட்டையும் போட்டுடுங்க, போயி பாத்துக்கலாம்னு இருந்தா ஹவுஸ்ஃபுல்லுன்னு கையை விரிச்சிடுவாங்க. தெருவுல ஆக்டிவிட்டி டெஸ்க்னு போட்டுட்டு பாதி விலைக்கு டிக்கெட் தர்றேன்னு யாராவது கூப்பிட்டா உஷார், அனேகமா டைம்ஷேர், அதாவது வருஷத்துல சில நாள் ரிசார்ட்ல தங்குற உரிமைய விக்கிற கூட்டத்துல உக்கார வெச்சு, வாங்குங்க வாங்குங்கன்னு பிராணன எடுப்பாங்க, லீவுல ஒரு காலைப்பொழுது போச்சு.

கேக்க வேண்டிய முக்கியமான கேள்வி இமுங்கிற மண்ணடுப்பு இருக்கான்னுதான். மண்ணுல குழி வெட்டி, கல்ல நெருப்புல காய்ச்சி, வாழைத்தண்டு, டீன்னு ஒரு செடியோட இலை (தேயிலை இல்ல) எல்லாம் போட்டு முழு பன்னிய உள்ள வெச்சு மூடிடுவாங்க, மணிக்கணக்கா வெந்து சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் தொறப்பாங்க, லேட்டா போனா அது போச்சு. சில இடத்துல குழியே கிடையாது, எல்லாம் கிச்சன்ல வெந்து வரும்.

சைவக்காரங்க முன்கூட்டியே சொல்லிடுங்க. கீரை மாதிரி தெரியுதேன்னு எடுத்தா உள்ள கணவாயோ கோழியோ இருக்கும். லாங் ரைஸுன்னு பேர பாத்து சோறுன்னு நினைக்காதீங்க, அது கோழி போட்ட கண்ணாடி நூடுல்ஸ். நான் முதல்ல சொன்ன சேப்பங்கிழங்குக் கூழு, அதுக்கு போய்னு பேரு, லேசா புளிச்சிருக்கும், அத தைரியமா சாப்பிடலாம், தேங்காப்பால்ல செய்யுற ஹௌபியாவும் அப்படித்தான். என்னக் கேட்டா வெறும் போய் சப்புனு இருக்கும், கூட உப்பா ஏதாவது வெச்சுக்கணும்.

காசு குடுத்து வாங்க முடியாத லுவா ஒண்ணு இருக்கு, குழந்தைக்கு முதல் பொறந்தநாள்னு ஹவாய் குடும்பங்கள் சொந்தபந்தத்தையெல்லாம் கூப்பிட்டு வெக்கிற விருந்து. அதுக்கு யாராவது உங்கள கூப்பிட்டா ரிசார்ட் டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டுப் போயிடுங்க, காசு திரும்பி வர எத்தன மணி நேரம் முன்னாடி சொல்லணும்னு மட்டும் டிக்கெட் போடும்போதே கேட்டு வெச்சுக்கோங்க.