மஞ்சளாய்ப் பூத்ததெல்லாம் கொன்றையா?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியை எனக்கு முன்னாலேயே அழகாகச் சொல்லி முடித்துவிட்ட பேராசிரியர் அவர்களே, வரவேற்புரையில் என்னைத் 'தாவரவியல் அறிஞர்' என்று சொல்லிவிட்ட செயலாளர் அவர்களே (நான் அறிஞரெல்லாம் இல்லை, கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு அண்ணாந்தபடியே நடந்து பள்ளத்தில் விழுகிற ஆள்), ஒலிபெருக்கியைக் கவனித்துக்கொள்ளும் தம்பி, கதவுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துவிட்ட விவரமான நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் பேசப் போகிறேன். மரத்தை எப்படிப் படம் எடுப்பது, தெரியாத பூமரத்துக்கு எப்படிப் பெயர் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்த பெயரை எப்படிப் பதிவு செய்து வைப்பது. மூன்றுக்கும் பொதுவாக ஒரு பழமொழி கையில் வைத்திருக்கிறேன்: வெளுத்ததெல்லாம் பாலல்ல. இதை நான் எல்லா மேடையிலும் சொல்கிறேன் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். சொல்லத்தான் போகிறேன்.

முதலில் என் மானம் போன கதை. புதிதாக நல்ல லென்ஸ் ஒன்று வாங்கியிருந்த நேரம். ஒரு பெரிய மரம், உச்சிக் கிளையில் கொத்துக் கொத்தாக ஆரஞ்சும் சிவப்புமாகக் குழல் மாதிரிப் பூக்கள், அதில் தேன்சிட்டு வேறு வந்து வந்து போகிறது. விடுவேனா? பூவை மட்டும் இழுத்து இழுத்து நாற்பது படம் எடுத்தேன். நண்பர்களுக்கு அனுப்பினேன். ஒருவர் வெளிநாட்டு மரம் என்றார். ஒருவர் மலைக்காட்டில் மட்டும்தான் வரும், இங்கே எப்படி என்று ஆச்சரியப்பட்டார். இன்னொருவர் இது புது இனமாகக்கூட இருக்கலாம், வெளியே சொல்லாதீர்கள் என்றார். மூன்று நாள் எனக்குத் தூக்கம் இல்லை, புது இனத்துக்கு யார் பெயரை வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன், சிரிக்காதீர்கள், நீங்களாக இருந்தாலும் யோசித்திருப்பீர்கள். நாலாம் நாள் மறுபடி அங்கே போனேன். ஒரு தோட்டக்காரப் பெரியவர் கீழே சருகு கூட்டிக்கொண்டிருந்தார். "ஐயா, இது என்ன மரம்?" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, இது மாமரம்."

"மாமரத்திலா இந்தப் பூ?"

"மரம் மாமரம். பூ அந்த வீட்டுப் பூ இல்லை. வாடகை கொடுக்காமக் குடியிருக்கே, புல்லுருவி, அதோட பூ. மேலயே பார்த்துக்கிட்டிருந்தியே, ஒரு தடவை குனிஞ்சு பார்த்தியா?" என்று விளக்குமாற்றால் சருகைக் காட்டினார். அத்தனையும் மாவிலை.

வெளுத்ததெல்லாம் பாலல்ல! என் நாற்பது படத்தில் ஒன்றில்கூட அடிமரம் இல்லை, ஒழுங்கான இலை இல்லை. புல்லுருவி பச்சை இலை வைத்துத் தன் சமையலைத் தானே செய்துகொள்ளும், தண்ணீரையும் உப்புகளையும் மரத்திடமிருந்து உறிஞ்சும். பூக்கொத்திக் குருவி அதன் பழத்தைத் தின்றுவிட்டுப் பிசுபிசுப்பான விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும், அங்கேயே முளைக்கும். இதெல்லாம் எனக்கு அன்றைக்கு அப்புறம்தான் தெரியும்.

சரி, படம். முழு மரம் தெரிய ஒன்று. அடிமரப் பட்டை ஒன்று. இலை மேல்பக்கம், அடிப்பக்கம், அது கிளையில் எதிரெதிராக நிற்கிறதா மாறி மாறி நிற்கிறதா என்று தெரிகிற மாதிரி ஒன்று. பூ முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம். காய் இருந்தால் காய், அளவு தெரிய விரலையும் பக்கத்தில் வையுங்கள். உச்சி வெயிலில் வெள்ளைப் பூவை எடுத்தால் இதழ் வெறும் திட்டாகத்தான் விழும். போன் திரையில் பூவைத் தொட்டுவிட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள், மேகமூட்டமான நாள் இன்னும் நல்லது. ஓர் இலையா, கூட்டிலையில் (ஒரே இலை பல துண்டாகப் பிரிந்திருப்பது) ஒரு சிற்றிலையா என்று குழப்பம் வருமே, அதற்கு ஒரு வழி: இலைக்காம்பு கிளையோடு சேரும் கக்கத்தில் மொட்டு இருக்கும், சிற்றிலையின் அடியில் இருக்காது. இது தெரியாமல் நான் பல வருடம் வீணடித்தேன்.

அடுத்து பெயர். மஞ்சளாகப் பூத்துவிட்டால் போதும், எல்லோருக்கும் அது கொன்றை. கொன்றை சரம் சரமாகக் கீழே தொங்கும், காய் நீளமான உருட்டுத் தடி மாதிரி. இயல்வாகையின் பூங்கொத்து நிமிர்ந்து நிற்கும், சிற்றிலைகள் பொடிப்பொடியாக இருக்கும், காய் தட்டையாகச் செம்பு நிறத்தில். இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நின்று ஊதுகுழல் போலப் பூத்தால் அது டபேபுயா வகையாக இருக்கலாம், பிறகு வரும் இலையைப் பாருங்கள், விரல் விரித்த கை மாதிரி இருக்கும். கொன்றைப் பூவைப் பக்கவாட்டில் எடுத்தால் பத்து மகரந்தத்தாளில் மூன்று மட்டும் நீண்டு வளைந்திருப்பது தெரியும். 1753-இல் செடிகளுக்கெல்லாம் இரட்டைச் சொல்லில் பெயர் வைத்த லின்னேயஸ் மகரந்தத்தாளை எண்ணித்தான் வகை பிரித்தார், நாமும் எண்ணலாம், கணக்குப் பாடம் அவ்வளவுதான்.

வெள்ளிலைச் செடியில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிவது பூவின் இதழே இல்லை, பெரிதாகிப்போன புல்லிதழ், அதாவது மொட்டை வெளியே மூடியிருக்கும் இதழ். நிஜப் பூ நடுவில் சின்னதாக ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அங்கேயும் வெளுத்தது ஏமாற்றுகிறது! கிளையை ஒடித்தால் சொட்டுகிற வெள்ளையையும் நாம் பால் என்றுதான் சொல்கிறோம். தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதனால் தயவுசெய்து ஒடிக்காதீர்கள், நக்கிப் பார்க்காதீர்கள், உதிர்ந்து கிடப்பதை எடுத்துப் பாருங்கள். படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும் செயலிகள் இருக்கின்றன, பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட், நானும் வைத்திருக்கிறேன், ஆனால் அது தருவது யூகம். பூவை மட்டும் காட்டினால் அதுவும் என்னைப் போலத்தான் புல்லுருவியில் விழும்.

பட்டை என்றேன் இல்லையா? பூ பத்து நாள், காய் சில மாதம், இலைகூடச் சில மரங்களில் உதிர்ந்துவிடும், வருடம் முழுக்க மாறாமல் அடையாளம் காட்டுவது பட்டை. அதைப் படம் எடுக்கலாம் என்று போனால் என்ன இருக்கிறது? பலகை. வாடகைக்கு வீடு, மூட்டுவலிக்குத் தைலம், ஆறே வாரத்தில் சரளமான ஆங்கிலம். அத்தனையும் ஆணியில். நான் இங்கே வந்ததே இதைச் சொல்லத்தான், தலைப்பு வேறு கொடுத்துவிட்டார்கள். இலை சமைத்த உணவு வேருக்கு இறங்குகிற பாதை பட்டைக்கு உடனே உள்ளே இருக்கிறது. ஆணி அதைக் குத்துகிறது, காயத்தின் வழியே பூஞ்சை போகிறது. ஆணிக்குப் பதில் கம்பியைச் சுற்றிக் கட்டிவிட்டேன் என்று பெருமைப்படுகிறவர்கள் இன்னும் மோசம், மரம் பருக்கப் பருக்கக் கம்பி அறுத்து அந்தப் பாதையையே மொத்தமாக அடைத்துவிடும். மரம் வளர்ந்தால் ஆணியும் மேலே போய்விடும் என்று ஒருவர் எனக்குச் சமாதானம் சொன்னார். போகாது! மரம் உயர்வது நுனியில், அடிமரம் பருக்க மட்டும்தான் செய்யும். தலை உயரத்தில் அடித்தது இருபது வருடம் கழித்தும் தலை உயரத்திலேயே இருக்கும், மரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கும். அப்படி உள்ளே போய்விட்ட பழைய ஆணியை நோண்டாதீர்கள், காயம்தான் பெரிதாகும். தலை வெளியே தெரிகிற புது ஆணியை நேராக இழுத்து எடுக்கலாம்.

தலைவர் அவர்கள் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார், நேரம் ஆகிவிட்டதாம். மூன்றாவது விஷயம் இன்னொரு கூட்டத்துக்கு இருக்கட்டும், கூப்பிட்டால். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்த மண்டபத்து வாசலில் இடப்பக்கம் ஒரு மரம் நிற்கிறது. இப்போது பூக்கவில்லை, அதனால் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். இன்றைய கூட்டத்துக்கான அறிவிப்புப் பலகை அதில்தான் தொங்குகிறது, நாலு ஆணி. செயலாளர் அவர்களே, உங்களைக் குறை சொல்லவில்லை, பலகை எழுதியவரே அடித்துவிட்டுப் போயிருப்பார். புது ஆணிதான், தலை நன்றாகவே வெளியே தெரிகிறது. குறடு என் பையில் இருக்கிறது. ஓர் ஏணியும் பலகையைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேரும் வேண்டும், கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற நண்பர்கள் வந்தால் வசதி. நன்றி, வணக்கம்.