எக்ஸ்எம்எல் குடும்பம்: யாருக்கு யார் என்ன உறவு?

[காட்சி: காசிமேடு மீன்பிடித் துறைமுகம், விடியற்காலை ஏலம்]

வணக்கம். இந்தக் கூடையைப் பார்த்ததும் வஞ்சிரமா சங்கராவா என்று நமக்குத் தெரிந்துவிடும். கம்ப்யூட்டரிடம் ‘வஞ்சிரம் 12 900’ என்று எழுதிக் கொடுத்தால்? 12 கிலோவா, 12 மீனா? 900 எதற்கான விலை? அதற்கு ஒன்றும் புரியாது. சரி, இப்படி எழுதுவோம்.

[திரையில்]

<மீன்>
  <பெயர்>வஞ்சிரம்</பெயர்>
  <எடை அலகு="கிலோ">12</எடை>
  <கிலோவிலை>900</கிலோவிலை>
</மீன்>

இதுதான் எக்ஸ்எம்எல்: ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னும் பின்னும் டேக் என்ற பெயர்ச்சீட்டு ஒட்டி எழுதும் முறை. 1986-ல் ஐஎஸ்ஓ தரநிலையாக ஆன எஸ்ஜிஎம்எல் என்ற பழைய டேக் மொழியைச் சுருக்கி, 1998 பிப்ரவரியில், வலைக்கான தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இதை வெளியிட்டது. டேக்குக்குத் தமிழிலேயே பேர் வைக்கலாம், பாருங்கள். எனக்கு இதன்மேல் பிரியம் வந்ததே அதனால்தான்.

குடும்பத்தில் குழப்பம் வந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: டேக்குக்குப் பேர் வைத்தது யார்?

வலைப்பக்கங்களை எழுதும் ஹெச்டிஎம்எல்லில் பேர்கள் ஏற்கெனவே முடிவானவை. எது தலைப்பு, எது பத்தி என்று பிரவுசருக்குத் தெரியும். ஒரு டேக்கை மூட மறந்தாலும் சமாளித்துக் காட்டிவிடும். எக்ஸ்எம்எல்லில் பேர் உங்கள் இஷ்டம், ஆனால் கறார் அதிகம். திறந்ததை மூடியே ஆக வேண்டும். ஒரு பிழை இருந்தாலும் படிப்பது அங்கேயே நின்றுவிடும்.

[காட்சி: மண்ணடி, இரும்புக் கடை வரிசை]

மண்ணடியில் ஒரு கடையின் கணக்கை ஒரு சாஃப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். ஃபைல் ஏறவே இல்லை. சாயங்காலம் வரை தேடினேன். கடைசியில் பார்த்தால், ஒரு பார்ட்டியின் பேரில் ‘& சன்ஸ்’ என்று இருந்தது. எக்ஸ்எம்எல்லில் & தனியாக நிற்கக் கூடாது; &#38; என்று எழுத வேண்டும். மாற்றியதும் முழுக் கணக்கும் ஏறிவிட்டது.

அப்புறம் எக்ஸ்எஸ்டி. எடை எண்ணாகத்தான் இருக்க வேண்டும், விலை விட்டுப்போகக் கூடாது என்று சட்டம் சொல்லும் ஃபைல் இது. எக்ஸ்எஸ்எல்டி அதே தரவை வலைப்பக்கமாகவோ வேறு வடிவமாகவோ மாற்றித் தரும். இரண்டுமே எக்ஸ்எம்எல்லில்தான் எழுதப்படுகின்றன.

தரவை எழுதும் இன்னொரு முறையான ஜேசான் இந்தக் குடும்பமே கிடையாது. அதே வேலையைக் குறைந்த எழுத்தில் செய்வதால் மொபைல் ஆப்களில் அதுதான் அதிகம். ஆனால் ஒரு வாக்கியத்தின் நடுவே ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் அடையாளம் வைக்க வேண்டுமென்றால், நான் எக்ஸ்எம்எல்லைத்தான் எடுப்பேன்.

எஸ்விஜி படமும் எக்ஸ்எம்எல்தான். நோட்பேடில் திறந்தால் வட்டமும் கோடும் எழுத்தாகவே தெரியும்.

வேர்டின் டாக்எக்ஸ் ஃபைல்? ஒரு நகல் எடுத்து, பேரின் கடைசியில் ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே வேர்ட் என்ற ஃபோல்டர், அதற்குள் டாகுமென்ட் டாட் எக்ஸ்எம்எல். நீங்கள் டைப் அடித்த வரிகள் டேக்குகளுக்கு நடுவே அங்கே இருக்கும்.