தோளுக்குப் பின்னால் இருந்த திருகு

நேயர்களுக்கு வணக்கம். பழைய மோட்டார் சைக்கிள்களை ஓட்டியவர்களுக்கு ‘ரிசர்வ்’ என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோல் குறைந்து வண்டி திக்கத் தொடங்கியதுமே, கண் சாலையை விட்டு அகலாமல், இடக்கை முழங்காலருகே இருக்கும் திருகைத் தேடிப்போய், தொட்டியின் அடியில் இருக்கும் மிச்சப் பெட்ரோலுக்குத் திருப்பிவிடும். அந்தத் திருகை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

1997ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் மாலை, கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் ஒரு சிறு விமானம் மூக்குக் குப்புறக் கடலில் விழுந்தது. அதைத் தனியாக ஓட்டிச்சென்று உயிரிழந்தவர் பாடகர் ஜான் டென்வர். அவர் கத்துக்குட்டி விமானி அல்லர். 2,700 மணி நேரத்துக்கும் மேல் பறந்தவர். ஆனால் ‘லாங் ஈசி’ என்னும் அந்த வகை விமானத்தில் அவர் பெற்ற பயிற்சி, முந்தைய நாள் கிடைத்த சுமார் அரைமணி நேரம்தான்.

லாங் ஈசி, வரைபடத்தை வாங்கி ஆர்வலர்கள் தாங்களே கட்டிக்கொள்ளும் விமானம். வடிவமைப்பாளர் பர்ட் ருட்டன், எரிபொருள் தொட்டியை மாற்றும் திருகை விமானியின் கால்களுக்கு இடையே வைத்திருந்தார். இந்த விமானத்தைக் கட்டியவரோ, எரிபொருள் குழாய்கள் விமானி அமரும் அறைக்குள் வரக்கூடாது என்று கருதி, அதை இடத்தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். அவருடைய அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தத் திருகில் எந்தக் குறியும் இல்லை. வலப்பக்கம் திருப்பினால் இடத்தொட்டி, கீழே திருப்பினால் வலத்தொட்டி, மேலே திருப்பினால் அடைப்பு. எரிபொருளின் அளவைக் காட்டும் அளவுமானிகளும் இருக்கைக்குப் பின்னால்தான் இருந்தன.

புறப்படுமுன் டென்வரும் ஒரு பராமரிப்புப் பணியாளரும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். திருகை எட்டிப் பிடிக்க ஓர் இடுக்கியை மாட்டிப் பார்த்தார்கள், பயன்படவில்லை. அளவுமானிகளைத் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொள்ள, அந்தப் பணியாளர் முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார். பறக்கும்போது விமானத்தைத் தானாக ஓட்டும் கருவியை இயக்கிவிட்டுத் திருகைத் திருப்பிக்கொள்வதாகச் சொன்ன டென்வர், ஒரு மணி நேரம் போலத்தான் பறக்கப்போவதாகக் கூறி எரிபொருள் நிரப்ப வேண்டாமென்றார். மூன்று முறை தரையைத் தொட்டு எழும்பிப் பழகிய பின் கடற்கரைப் பக்கம் திரும்பியபோது, விமானம் சில நூறு அடி உயரத்தில்தான் இருந்தது.

தொட்டியை மாற்ற வேண்டுமானால், விமானி வலப்பக்கக் கட்டுப்பாட்டுக் கோலிலிருந்து கையை எடுத்து, தோள்வாரைக் கழற்றி, உடலை இடப்பக்கம் 90 பாகை திருப்பி, பின்னால் எட்டவேண்டும். அப்படித் திரும்பும் மனிதர், உடலுக்கு ஊன்றுகோல் தேடி, தம்மை அறியாமலே வலக்காலை அழுத்துகிறார். அந்தக் காலடியில் இருப்பது விமானத்தை வலப்புறம் திருப்பும் சுக்கான் மிதி. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், எரிபொருள் நிரப்பாமல் புறப்பட்டதோடு, திருகைத் திருப்ப முயன்றதில் கவனம் சிதறி வலது மிதி அழுத்தப்பட்டதையும் விபத்தின் காரணமாக அறிவித்தது. எட்டாத இடத்தில் குறியில்லாமல் வைக்கப்பட்ட திருகையும் போதாத பயிற்சியையும் துணைக்காரணங்களில் சேர்த்தது.

கடலிலிருந்து மீட்கப்பட்ட சிதைவுகளில் அந்தத் திருகு, இரு நிலைகளுக்கு இடையே நின்றிருந்தது.