கமிஷன் வைத்தால் போதுமா?

(மே 22 நினைவுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

போலீஸ் சுட்டு ஆட்கள் செத்தால் நம் ஊரில் மூன்று அறிவிப்புகள் வரும். குடும்பத்துக்கு நிவாரணம், வீட்டில் ஒருவருக்கு அரசு வேலை, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் விசாரணைக் கமிஷன். முதல் இரண்டையும் நான் குறை சொல்ல மாட்டேன். சம்பாதிக்கிறவர் போய்விட்ட வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே. மூன்றாவதைப் பற்றித்தான் பேச வந்தேன். அந்த அறிவிப்பைக் கேட்டதும் பாதிக் கோபம் அடங்கி நாமும் வீட்டுக்குப் போய்விடுகிறோம். எந்த ஆட்சிக்கும் அது வசதிதான்.

தூத்துக்குடியையே எடுத்துக்கொள்வோம். 2018 மே 22. ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். 144 தடை உத்தரவு போட்டிருந்தார்கள். அதையும் மீறி ஜனங்கள் கலெக்டர் ஆபீசை நோக்கி ஊர்வலமாகப் போனார்கள். கலெக்டரோ கோவில்பட்டியில் இருந்தார். துப்பாக்கிச்சூட்டில் 13 உயிர் போயிற்று. உடனே ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையில் கமிஷன். நான்கு வருடம் சாட்சிகளை விசாரித்து, 2022 மே மாதம் அறிக்கை கொடுத்தார். அக்டோபரில் அது சட்டமன்றத்துக்கு வந்தது.

நல்ல அறிக்கை, அதில் சந்தேகமில்லை. கலெக்டர் அலுவலகப் பூங்காவில் மறைந்து நின்றுகொண்டு, தப்பி ஓடியவர்களைச் சுட்டிருக்கிறார்கள் என்று அது சொல்கிறது. ஒரே காவலர் 17 ரவுண்டு சுட்டிருக்கிறார். 17 போலீஸ் அதிகாரிகள் மீதும் அன்றைய கலெக்டர் மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. சரி, அப்புறம்? வழக்கு சிபிஐ கையில் இருந்தது. அவர்கள் போட்ட குற்றப்பத்திரிகையில் போராடியவர்கள் பெயர்தான் வரிசையாக வந்தது. காவல்துறைப் பக்கம் பார்த்தால் ஓர் இன்ஸ்பெக்டர்.

கமிஷன்களில் இது பரவாயில்லை ரகம். 1999 ஜூலை 23, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் நடந்த ஊர்வலத்தில் தடியடிக்குப் பயந்து தாமிரபரணியில் இறங்கியவர்கள் உட்பட 17 பேர் இறந்தார்கள். அதற்கும் கமிஷன் வைத்தார்கள். நீதிபதி மோகன் கமிஷன். போலீஸ் மேல் தப்பில்லை என்று முடித்துவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது? 1952ஆம் வருட விசாரணைக் கமிஷன் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். கமிஷன் தண்டிக்க முடியாது, பரிந்துரைக்கத்தான் முடியும். டால்மியா வழக்கில் 1958இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 6ஆம் பிரிவு இன்னும் சுவாரசியம்: கமிஷன் முன்னால் ஒருவர் சொன்னதை, பொய்ச்சாட்சி வழக்கு தவிர வேறு எந்த வழக்கிலும் அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. ஓர் அதிகாரி அங்கே வந்து “ஆமாம், சுடச் சொன்னேன்” என்று ஒப்புக்கொண்டாலும், அந்த வாக்குமூலத்தை வைத்துக் கோர்ட்டில் அவரை ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது வாச்சாத்திக்கு வாருங்கள். 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் 269 பேர் அரூர் பக்கத்து மலையடிவாரக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். ஊர் ஆலமரத்தடியில் எல்லாரையும் கூட்டி, 18 பெண்களைப் பிரித்து ஏரிப் பக்கம் கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குழந்தைகளோடு பெண்களைச் சேலம் சிறையில் அடைத்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் நல்லசிவன் கோர்ட்டுக்குப் போனார். விடாமல் போராடியதில், 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. அந்தப் பெண்கள் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. மீதி 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். மேல்முறையீட்டில், 2023இல் நீதிபதி வேல்முருகன் அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தண்டனையை உறுதி செய்தார். பெண்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்க வேண்டும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றார்.

தீர்ப்புக்கே 19 வருடம் ஆயிற்றே, இது நீதியா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனாலும் அந்த 215 பேரும் சட்டப்படி குற்றவாளிகள். தூத்துக்குடி அறிக்கையில் பெயர் வந்ததால் மட்டும் யாரும் குற்றவாளி ஆகிவிடவில்லை.

கமிஷனே வேண்டாம் என்று சொல்லவில்லை. அறிக்கை இருந்தால் உண்மை பதிவாகும். ஆனால் எஃப்ஐஆரில் சுட்டவர் பெயர் வந்ததா என்பதை முதலில் கேளுங்கள்.

இன்னொரு முட்டுக்கட்டை, அரசின் முன் அனுமதி. அரசு ஊழியர் மேல் வழக்கு நடத்த அனுமதி கேட்டால் அரசு 120 நாளில் முடிவெடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும் என்கிறது 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 218ஆம் பிரிவு. நல்ல மாற்றம். ஆனால் கூட்டத்தைக் கலைத்தவர்களைப் பாதுகாக்கும் 151ஆம் பிரிவில் இந்தக் கெடு கிடையாது. கோப்பு எத்தனை வருடம் வேண்டுமானாலும் மேசையில் கிடக்கலாம். போலீசைப் பொறுத்தவரை அந்த அனுமதியைத் தர வேண்டியது மாநில அரசு. டெல்லிக்குப் போக வேண்டியதில்லை, கோட்டையில் ஒரு கையெழுத்துப் போதும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், எந்தக் கட்சியானாலும் சரி, அந்தக் கையெழுத்தைப் போடுவீர்களா என்று கேளுங்கள். போடுவேன் என்றால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.