பல்வலியைத் திட்டியவரும் நாற்காலிக்கு நடுங்கியவரும்

[திரை: குளிர்காய மூட்டிய நெருப்பு. தாறுமாறாக உருண்டு கிடக்கும் முக்காலிகள்.]

ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுக்கிறோம். அதே ஆள் கன்னம் வீங்கி, முகத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு வந்தால் பார்க்கிறவர்களுக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது. சரி, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கலாம் என்றால், வலிப்பதே பல்!

ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் (1759–1796) இந்த அநியாயத்தைத்தான் கவிதையாக்கினார். பல்வலியை எதிரே நிறுத்தி, ‘நீ’ என்று கூப்பிட்டுச் சாபம் விடுகிறார்.

[திரை: ஆறு வரிக் கட்டம். நான்காவதும் ஆறாவதும் குட்டை வரிகள். அவை மட்டும் சிவப்பில்.]

கவிதையின் ஒவ்வொரு பத்தியும் இந்த ஆறு வரிக் கட்டம்தான், கொஞ்சம் கவனியுங்கள். நீள வரிகள் ஏறிக்கொண்டே போகும், குட்டை வரி பொட்டென்று போட்டு உடைக்கும். ஒரு பத்தியில் காய்ச்சல், மூட்டுவலி, வயிற்றுவலி என்று அடுக்குகிறார். இதற்கெல்லாம் அக்கம்பக்கத்தார் ‘ஐயோ பாவம்’ என்பார்கள், வலி கொஞ்சம் குறையும். “ஆனால் நீ இருக்கிறாயே, நோய்களிலேயே நரகம்!” என்கிறது ஐந்தாம் வரி. ஆறாவதில், நாம் முனகினால் அவர்கள் கேலி செய்கிறார்கள். அவ்வளவுதான், பத்தி முடிந்தது.

அடுத்து இன்னும் மோசம். தாடியில் எச்சில் வழிய, சின்ன முக்காலிகளைப் பெரியவற்றின் மேல் வீசி எறிகிறார். நெருப்பைச் சுற்றி உட்கார்ந்த பெண்கள் அவர் குதிப்பதைப் பார்த்துக் கெக்கலிக்கிறார்கள். ஆளிநார் (லினன் துணி நெய்யும் செடிநார்) சீவும் சீப்பு அவர்கள் பின்பக்கத்தில் குத்தாதா என்று ஏங்குகிறார் மனுஷன்.

[திரை: மரப்பலகையில் வரிசையாக நிற்கும் நீண்ட இரும்பு முட்கள்.]

சீப்பு என்றால் இதுதான். 1781-ல் ஸ்காட்லாந்தின் இர்வின் ஊரில் ஆளிநார் சீவும் தொழில் பழகியவர் பர்ன்ஸ். எதைக் கேட்கிறோம் என்று நன்றாகத் தெரிந்துதான் கேட்டிருக்கிறார்!

இதில் ஒரு விஷயம்: கவிதையில் பல் பிடுங்குகிறவர் எங்குமே வருவதில்லை. அன்று மயக்கமருந்து கிடையாது. சாவி போன்ற ஒரு கருவியைப் பல்லில் மாட்டித் திருகிப் பிடுங்கினார்கள். இருந்தும் பர்ன்ஸுக்கு வில்லன் வலிதான். 1846-ல் பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் என்ற மயக்கமருந்து கொடுத்து வலியில்லாமல் பல் எடுத்தார். அப்புறம் வலி குறைந்தது. பயம் மட்டும் இடம் மாறி நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டது.

[திரை: கைப்பிடியை இறுகப் பற்றிய விரல்கள்.]

அந்த நாற்காலியின் கவிஞர் அமெரிக்காவின் ஆக்டன் நாஷ் (1902–1971). சில சித்திரவதை உடம்புக்கு, சில மனசுக்கு, இரண்டும் சேர்ந்தால் அது பல்லுக்கு என்கிறார். வாயைப் பிளந்தபடி கிடக்கிறோம். முஷ்டியை இறுக்குகிற இறுக்கில் நம் நகமே உள்ளங்கையின் ஆயுள் ரேகையைத் திருத்தி எழுதுகிறதாம்! பர்ன்ஸின் அளந்து வைத்த கட்டம் இங்கே இல்லை. வரி மூச்சு முட்டும்வரை இழுத்துக்கொண்டே போய், இனி எதுகையே வராது என்று நினைக்கும்போது டக்கென்று கொண்டுவந்து நிறுத்தும். டாக்டர் “இதோ முடிந்தது” என்று சொல்லிக்கொண்டே குடைவாரே, அதே அவஸ்தை நமக்கு.

ஒருவழியாக எல்லாம் முடிந்து எழுந்தால், மறுபடி வரச் சொல்கிறார்கள். நாஷ் விதியிடமே முறையிடுகிறார்: பல் நன்றாக இருக்க அடிக்கடி பல் டாக்டரிடம் போக வேண்டும்; பல் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதே அவரிடம் போகாமல் இருக்கத்தானே!