கடலுக்குப் போகிற தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். மேட்டூர் நிரம்பி, கொள்ளிடம் இரு கரையும் தொட்டு ஓடும்போதெல்லாம் டீக்கடையில் ஒரு பேச்சு கிளம்பும், இத்தனை தண்ணியும் வீணாகக் கடலுக்குப் போகுதே என்று. கடைமடையில் பயிர் காய்ந்ததைப் பார்த்தவர்களின் ஆதங்கம் அது, தப்பே இல்லை. ஆனால் வீணாகிறது என்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று புரிய, உப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. குளத்து விராலுக்கு உடம்பில்தான் உப்பு அதிகம், வெளியே குறைவு. அதனால் தண்ணீர் தானாக உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும், அதைச் சிறுநீராக வெளியேற்றுவதுதான் அதற்கு நாள் முழுக்க வேலை. வஞ்சிரத்துக்கு நேர்மாறு. உடம்புத் தண்ணீர் வெளியே போய்க்கொண்டே இருப்பதால் கடல்நீரைக் குடித்து, உப்பைச் செவுள் வழியாகத் தள்ளியாக வேண்டும். ஆகவே விராலைக் கடலில் விட்டாலும் வஞ்சிரத்தைக் குளத்தில் விட்டாலும் பிழைக்காது.

கொடுவாவும் மடவையும் இரண்டு வித்தையும் தெரிந்தவை, (குழம்புக்கு எது என்று கேட்டால் நான் மடவை கட்சி). கொடுவா உப்பான முகத்துவாரத்துப் பக்கம் முட்டையிடும், குஞ்சுகள் உள்ளே ஏறி வந்து வளரும். வெள்ளை இறாலும் அப்படித்தான், பிறப்பு கடலில், வளர்ப்பு ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில்.

முத்துப்பேட்டையைப் பாருங்கள். கோரையாறும் பாமணியாறும் கொண்டுவருகிற தண்ணீரால் ஐப்பசி, கார்த்திகையில் காயலில் உப்பு வெகுவாகக் குறைந்துவிடும், கோடையில் அதே இடம் கடலைவிடவும் கரிக்கும். அங்கே அலையாத்திக் காடு முழுக்க வெண்கண்டலாக இருப்பதற்குக் காரணம், அது அதிக உப்பைத் தாங்கி, இலை வழியாகவே உப்பைக் கசியவிடும் மரம். இலையை நக்கிப் பார்த்தால் தெரியும். பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் சுரபுன்னை என்கிற இன்னொரு கண்டல் மரமும் அடர்ந்து நிற்கிறது.

சரி, ஆற்றுத் தண்ணீர் வராவிட்டால்? கண்டல் கன்றுகள் தேறுவது கஷ்டம், குஞ்சு மீனின் இரையை வளர்க்கும் வண்டலும் வராது. அப்புறம், ஆறு தள்ளாத இடத்தில் கடல் உள்ளே தள்ளும். கொள்ளிடத்தின் கடைசி ஊர்களில் கோடையில் உப்புத் தண்ணீர் ஆற்றுக்குள் மேலேறி வருவதும், போர்த் தண்ணீர் கரிப்பதும் இதனால்தான், அந்த ஊர்க்காரர்கள் குடிதண்ணீருக்கு லாரியை எதிர்பார்க்கும்போது டீக்கடைப் பேச்சு வேறு மாதிரி இருக்கிறது.